பஞ்சில் பொதிந்த சங்கு

“…அப்புறம் பஞ்சு, பஞ்சுக்கு மேல வெல்வெட்டுத் துணி. எல்லாம் என் கையால வச்சேன். சாமான் லிஸ்துல பாரு, நாப்பத்திரண்டாவது வரி,” என்றார் அப்பா, நீலக் கார்பன் நகலை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தபடி.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. பிறந்து மூன்று நாளான என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்ட பிள்ளை. மார்பில் வைத்தால் சப்பத் தெரியவில்லை. கரண்டியில் கொடுத்தால் புரை ஏறி முகம் கறுத்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பால்சங்கு எங்கே? என் நடுவிரல் நீளம் இருக்கும் அது. நான் குடித்து வளர்ந்தது. விளிம்பில் வெள்ளிப் பூண் போட்டது. டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி காரைக்கால் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அப்பாவின் பதில்.

அது அங்கே இல்லை என்று அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அப்போது ஒன்பது வயது.

சைகோனில் வாழ்ந்து வந்த நம் கூட்டத்துக்கு நான் அந்த ஊரை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் இன்று பாரிஸ் பக்கத்தில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். மீதிப் பேர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அதே தைலத்தை வரவழைத்துத் தேய்க்கிறோம். அறுபத்தெட்டாம் வருஷப் புத்தாண்டில் எந்தத் தெரு எப்படி அடைபட்டது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் என்ன அடைபட்டிருந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின மழைக்காலம் முடிந்த கையோடு, அப்பாவின் ரப்பர் கம்பெனி குமாஸ்தாக்களைக் குடும்பத்தோடு வுங் டாவ் கடற்கரைக்கு பஸ்ஸில் அழைத்துப் போனது. நம் அப்பாக்கள் கடைசிவரை அந்த ஊரைப் பழைய பிரெஞ்சுப் பெயரில் ‘காப்’ என்றே சொல்வார்கள், நினைவிருக்கிறதா? அங்கே நான் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிப்பியும் சோழியும் பொறுக்கினேன். உள்பக்கம் ரோஜா நிறத்தில் ஒன்று. நத்தை போலச் சுருண்டு புலிக்கோடு போட்டது ஒன்று. விசிறி போல ஒன்று, அதைக் காதில் வைத்தால் எதுவும் கேட்காது, ஆனாலும் கேட்கிறது என்று சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சிலவற்றுக்குள் குடியிருந்தவர் காலி செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வீடு நாறியது. அப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறை அறையாகத் தேடினார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, “அண்ணே, உங்க பழைய ஷூவா இருக்கும்,” என்று சீண்டினாள். டப்பா அகப்பட்டது. அப்பா பால்கனிக்குப் போய் அப்படியே தெருவில் கவிழ்த்தார்.

கீழே சந்து முனையில் நத்தைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சைப்புல் போட்டு அவித்த கடல் நத்தையும் இஞ்சி இடித்த மீன்சாறும் விற்கிறவள். சாப்பிடுகிறவர்கள் குட்டி முக்காலியில் குந்தி, ஊக்கால் கறியைச் சுழற்றி இழுத்துத் தின்றுவிட்டு, ஓட்டைக் காலடியில் போடுவார்கள். அவள் காலடியில் எப்போதும் ஒரு குன்று ஓடு இருக்கும். அதன் மேல்தான் என் சிப்பிகளும் விழுந்தன.

“ஆன் பாய், எனக்கே ஓடு கொடுக்கிறீங்களா?” என்று அவள் வியட்நாம் பாஷையில் மேலே பார்த்துக் கத்த, தெருவே சிரித்தது.

ஆன் பாய் என்றால் ஏழாம் அண்ணன். அந்த ஊர்க்காரர்களுக்கு நம் ஆண்கள் எல்லோருமே ஏழாம் அண்ணன்தான். முதல் ஆறு அண்ணன்மார் யார் என்று நான் கேட்காத ஆள் இல்லை, தெரிந்த ஆளும் இல்லை. அப்பாவுக்கு அந்தப் பெயர் வேப்பங்காய். பிரெஞ்சுக் குடியுரிமை அட்டை வைத்திருக்கிற மனிதனை ‘மெசியே’ என்றல்லவா கூப்பிட வேண்டும் என்பார். அன்று உள்ளே வந்து என்னிடம், “குப்பைய எதுக்கு டப்பாவுல வச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். அதற்கு அடியே மேல்.

அப்பாவின் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. டைப் அடித்த தாளில் தப்பு இருந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ரூல்தடி வைத்து அந்த வரியை ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். தப்புச் செய்தவர் யாரோ அவர் ஓரத்தில் தன் சின்னக் கையெழுத்தை வைக்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் எந்தத் தாளின் ஓரத்திலும் தன் கையெழுத்து விழுந்ததில்லை என்பது அப்பாவின் ஒரே பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் காபி முடிவதற்குள் இதைச் சொல்லிவிடுவார். அத்தை அடுப்படியிலிருந்து வாயசைத்துக் கூடவே சொல்வாள்.

அந்த மனிதர்தான் பெட்டியை அனுப்பியவர். சைகோனில் நிலைமை சரியில்லை என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த மாதம். அவருடைய நண்பர் ஒருவர் கப்பலில் ஊருக்குப் போனார். “முதல்ல சாமானை அனுப்பிடுவோம். ஆளுங்க எப்ப வேணாலும் போயிடலாம்,” என்றார் அப்பா. இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. குத்துவிளக்கு, பட்டுப்புடவை, கல்யாணப் போட்டோ, வெள்ளிச் செம்பு எல்லாம் பத்திரமாகக் கடல் தாண்டின. வயிற்றுப்பிள்ளைக்காரியை மட்டும் இங்கேயே வைத்துக்கொண்டார்.

பால்சங்கையும் போடுகிறாரே என்று அம்மா தயங்கினாள். “புள்ள பொறக்க இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள நாமளே ஊர்ல இருப்போம்,” என்றார். பஞ்சில் பொதிந்து, வெல்வெட்டில் சுற்றி, லிஸ்தில் எழுதினார்.

என் டப்பாவைத் தெருவில் கொட்டிய அதே கை அந்தச் சங்கை எவ்வளவு பதமாகப் பிடித்தது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவும் கடலில் கிடந்த ஓடுதானே? மறுநாள் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதற்கு முன் அப்பா குளிக்கப் போன நேரத்தில் பஞ்சைப் பிரித்தேன். சங்கை எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் நத்தைக்காரம்மாவின் குவியலிலிருந்து பொறுக்கிய அதே அளவு நத்தை ஓடு ஒன்றை வைத்துச் சுற்றிவிட்டேன். காரைக்காலில் அதைப் பிரித்துப் பார்த்த பெரியப்பா என்ன நினைத்தாரோ. அவர் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சங்கைப் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் புதைத்தேன். அந்தச் செடியைத் தொட வேறு யாருக்கும் உரிமை இல்லை. தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

புத்தாண்டு வந்தது. அந்த ஊர் வழக்கப்படி, வருஷம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவரின் ராசிதான் அந்த வீட்டுக்கு. அப்படி முதலில் வரச்சொல்லி அம்மா நத்தைக்காரம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள். ஏழு பெற்று ஏழும் நிலைத்தவள். முதல் நாள் காலை ஊதா நிறப் புதுச் சட்டையில், ஒரு பாத்திரம் நிறைய நத்தையோடு வந்து, வலது காலை எடுத்து வைத்து, அம்மாவின் வயிற்றைத் தடவிவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்ததும் பாத்திரத்தை வாங்கிப்போக வந்தாள். வந்தவள் திரும்பவில்லை. அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அவளுக்குப் பின்னாலேயே பாலத்தை அடைத்துவிட்டார்கள். ஊருக்குள்ளேயே சண்டை மூண்டு, ஊர் முழுக்க ஊரடங்கு. தெருவில் தலை தெரிந்தால் சுடுவோம் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது.

அப்பா இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினார். எல்லா ஜன்னல் கதவுகளையும் பால்கனிக் கதவையும் தந்திக் கம்பியால் கட்டி, குறடால் முறுக்கினார். குறடைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளில் பிரெஞ்சுக் கொடி வரைந்து வாசல் கதவில் ஒட்டினார். நீலத்துக்குக் கார்பன் பென்சில், சிவப்புக்கு அம்மாவின் குங்குமம்.

“அண்ணே, துப்பாக்கிக்குப் படிக்கத் தெரியுமா?” என்றாள் அத்தை.

“இது நம்ம சண்டை இல்ல. நாம பிரெஞ்சுக்காரங்க,” என்றார் அப்பா. அன்று மத்தியானம் பால்கனித் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையில், சரியாகப் பைக்குக் கீழே, ஓட்டை ஒன்று விழுந்தது. கதவின் இடுக்கு வழியாக எல்லோரும் மாறி மாறிப் பார்த்தோம். அப்பா மட்டும் பார்க்கவில்லை. தினமும் போலச் சவரம் செய்து, ஆபீஸ் சட்டை போட்டு, இருட்டுக் கூடத்தில் மேசைக்கு முன் உட்கார்ந்துவிட்டார்.

காற்று உள்ளே வர வழியில்லை. மீன்சாறு வாடை, மண்ணெண்ணெய் வாடை, ஆறு பேரின் வியர்வை என்று எழுத வந்தேன். ஐந்து பேர்தான், ஆறாவது ஆள் இன்னும் வரவில்லை. பகலா சாயங்காலமா என்று கதவிடுக்கில் விழும் வெயில் கோடு சுவரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்துச் சொல்லிக்கொள்வோம். நத்தைக்காரம்மா தன் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லுவாள், ஏழு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. அத்தைதான் எங்களைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றினாள்.

அவள் டான் சோன் நாட் விமான நிலையத்தில் வேலைக்குச் சேரும் ஆசையில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வாத்தியார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்: ‘ஷெல்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று அகராதி பார்த்து எழுதி வர வேண்டும். அத்தை அகராதியை வெயில் கோட்டுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்று, கடலில் கிடைக்கிற சிப்பி. இரண்டு, முட்டை ஓடு. மூன்று, ஆமை ஓடு. நான்கு, பட்டாணியை உரிப்பது. “பாரேன், தோலும் அதுதான், தோலை உரிக்கிறதும் அதுதான். இவங்ககிட்ட வேற வார்த்தையே இல்லையா?” ஐந்து, எரிந்துபோய்ச் சுவர் மட்டும் நிற்கிற கட்டடம். ஆறு, பீரங்கிக் குண்டு. ஏழு, போட்டிக்கு ஓட்டுகிற ஒல்லிப் படகு. எட்டு, ஒருவர் யாரோடும் பேசாமல் தனக்குள்ளேயே சுருங்கிக்கொண்டால் அதற்குள் போய்விட்டார் என்பார்களாம். அத்தை குரலைத் தாழ்த்தி, மேசைப் பக்கம் கண்ணைக் காட்டி, “எட்டாம் நம்பர், உங்கப்பா,” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பீரங்கிச் சத்தத்துக்குப் பெயர் ஆறாம் நம்பர். “ஆறாம் நம்பர் விழுது, சுவரோரமா வா.” நத்தைக்காரம்மாவுக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன். அவளும் தமிழிலேயே “ஆறு, ஆறு” என்று சொல்லித் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொள்வாள்.

அடைபட்ட மூன்றாம் நாள் காலை, அப்படி ஓர் ஆறாம் நம்பர் மிக அருகில் விழுந்தபோதுதான் அம்மாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி நான்கு தெரு தள்ளி. நான்கு தெருவும் நாற்பது மைலும் அன்றைக்கு ஒன்றுதான். நத்தைக்காரம்மா கையைச் சாராயத்தில் கழுவிக்கொண்டு வந்தாள். வலிக்கு நடுவில் அம்மா கூடத்தைப் பார்த்துக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “என்னங்க, சாமானெல்லாம் ஊர்ல பத்திரமா இருக்கா?”

பிள்ளை பிறந்தது. ஒரு கையகலம். அழுகை பூனைக்குட்டியின் அழுகை.

அடுத்த மூன்று நாள் நடந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். கரண்டி சரிவரவில்லை. துணித்திரியைப் பாலில் நனைத்து வைத்தார்கள், அதைப் பிடித்து உறிஞ்சக்கூடப் பலமில்லை. நத்தைக்காரம்மா தன் பாத்திரத்தில் மிஞ்சிய ஓடுகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, வெந்நீரில் கொதிக்கவிட்டு, அதில் பாலை ஊற்றிப் பார்த்தாள். வாய் அகன்ற ஓடு. பால் கழுத்தில் ஓடியது. விளிம்பு உதட்டைக் கீறியது. ஒரு பொட்டு ரத்தம். அம்மா அதைத் தட்டிவிட்டாள்.

“பிள்ளை குடிக்கிறதையே மறந்துகிட்டு வருது,” என்று நத்தைக்காரம்மா வியட்நாம் பாஷையில் என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். அப்போதுதான் அம்மா பால்சங்கைக் கேட்டதும், அப்பா லிஸ்தை நீட்டியதும்.

நான் பால்கனிக் கதவுக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, மூலையில் கிடந்தது என்று கொடுத்துவிடலாம். கம்பியைப் பிடித்து முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன். ஆறு முறுக்கு. ஒன்றுகூட அசையவில்லை. விரல் கிழிந்தது. அதைப் பிரிக்க ஒரே வழி அப்பாவின் கால்சட்டைப் பையில் இருந்தது. உள்ளறையில் பூனைக்குட்டிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. விடுகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. சுவரில் வெயில் கோடு ஒரு சாண் ஏறுகிறவரை நின்றேன். இந்த வயதில் எனக்கு வருகிற கெட்ட கனவில் குண்டு கிடையாது. அந்த ஒரு சாண்தான்.

பிறகு மேசைக்குப் போனேன்.

“அப்பா, குறடு வேணும்.”

“எதுக்கு?”

“பால்கனிக் கதவைத் தொறக்க.”

“பைத்தியமா உனக்கு?”

“கறிவேப்பிலைத் தொட்டியில சங்கு இருக்கு.”

“எந்தச் சங்கு?”

“நாப்பத்திரண்டாவது வரி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். “அப்ப பஞ்சுல?”

“நத்தை ஓடு.”

அத்தை பின்னாலிருந்து வந்து என் தோளைப் பிடித்தாள், அடி விழுந்தால் தன் மேல் விழட்டும் என்பதுபோல. அப்பா எழுந்தார். என்னைத் தாண்டிப் போய்க் குறடை எடுத்து ஆறு முறுக்கையும் பிரித்தார். கதவை ஒரு முழம் திறந்தார். கொட்டிய வெளிச்சத்தில் எங்கள் மூன்று பேருக்கும் கண் கூசியது. அவர் ஆபீஸ் சட்டையோடு வயிற்றில் படுத்து, முழங்கையை ஊன்றி வெளியே நகர்ந்தார். தொட்டி கடைசி மூலையில் இருந்தது. தலைக்கு மேல் ஓட்டை விழுந்த சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் கை மண்ணுக்குள் போன நேரம் கீழே விசில் ஒலித்தது. யாரது என்று வியட்நாம் பாஷையில் ஓர் அதட்டல். அப்பா அசையாமல் கிடந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை அட்டை அவர் சட்டைப் பையில்தான் இருந்தது; அதை யாரிடம் காட்டுவது?

“ஆன் பாய்,” என்று அப்பா கத்தினார். அவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். “நான் ஆன் பாய். பிள்ளைக்குப் பால் கொடுக்கணும். ஒரு சாமான் எடுக்கிறேன்.”

கீழே இரண்டு குரல்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன. அப்புறம் ஒன்று சொன்னது: “சீக்கிரம் எடுத்துட்டு உள்ளே போ, ஆன் பாய்.”

வந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க மண். கையில் சங்கு.

அத்தை அதை மூன்று தண்ணீரில் கொதிக்கவைத்தாள். நத்தைக்காரம்மா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுல கறியே இருந்திருக்காதே,” என்று தொழில்காரியாக ஒரு கருத்துச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா பிள்ளையைத் தொடையில் சாய்த்து, சங்கின் மூக்கைக் கடைவாயில் வைத்து, ஒரு சொட்டு விட்டாள். காத்திருந்தாள். அந்த நூல்போன்ற கழுத்தில் ஏதோ ஏறி இறங்கியது. இன்னொரு சொட்டு. அதுவும் இறங்கியது. பாதிச் சங்கு முடிய அரைமணி நேரம் ஆயிற்று. அத்தை தன் வீட்டுப்பாட நோட்டை எடுத்து ‘ஷெல்’ பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு வரி எழுதினாள். “இங்கிலீஷ்காரனுக்குத் தெரியல. நான் சேத்துட்டேன்,” என்றாள்.

அம்மா தலையைத் தூக்கினாள். “எங்கங்க இருந்துச்சு?”

நான் சுவரோடு சுவராக நின்றேன்.

“பெட்டியில வைக்க மறந்துட்டேன்,” என்றார் அப்பா.

“உங்க கையால வச்சேன்னீங்க.”

“மறந்துட்டேன்.”

அம்மா அவர் சட்டையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். என் கிழிந்த விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த சொட்டை விட்டாள்.

அப்பா மேசைக்குத் திரும்பினார். கார்பன் நகலை விரித்தார். ரூல்தடியை நாற்பத்திரண்டாம் வரியின் மேல் வைத்து, பேனாவால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில், தப்புச் செய்தவர் வைக்க வேண்டிய இடத்தில், தன் சின்னக் கையெழுத்தை வைத்து, மை காய்கிறவரை ஊதினார்.